இருபத்தேழாம் இலக்க வளவு

கல்குடா,
12.07.2011

அன்பு மகன் சுபாகரனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டும் சுகமாய் இருக்கிறீர்கள் என்று போன ஞாயிறு நீயே சொன்னாய், அதைத் திரும்பக் கேட்டுக் கடதாசியை வீணாக்கவில்லை. அந்த நாட்டுக் குளிரில் சின்னவளுக்கு இழுப்பு வராமல் கண்ணகையம்மன் காக்கவேணும். இதை ஏன் டெலிபோனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். டெலிபோனில் நீ இடையில் புகுந்து கதைப்பாய், நான் விட்டுக்கொடுத்துப்போடுவேன், நீ லண்டன் போன பன்னிரண்டு வருசமாய் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச ஏலாது. இருந்து முழுக்க வாசி. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு, மறைக்காதே, இதில் உள்ளதெல்லாம் அடுத்த மாதம் கோட்டில் நீதிபதிக்கு முன்னால் சத்தமாய்ச் சொல்லப்படப்போகிறது.

முதல் செய்தி, நான் உல்லாசப் பயண ஆலோசனைச் சபையிலிருந்து விலகிவிட்டேன். உன்ட கெஸ்ட் ஹவுஸுக்கு அனுமதி வருமட்டும் அந்தக் கதிரையை விட்டு அசையவேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியிருந்தாய். அசைந்துவிட்டேன். என்னைச் சபையில் போட்டபோது உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அங்கே சிநேகிதர்களுக்கெல்லாம் சொன்னாயாம். அது பெருமைப்படுகிற விசயமில்லை. சண்டை முடிந்து பாதை திறந்து வெள்ளைக்காரர் திரும்பவும் எங்கட கரைக்கு வரத் தொடங்கினபோது, பென்சன் எடுத்த கனகசிங்கம் ஐயாவைத் தலைவராக்கி ஏழு பேரில் ஒரு சபை அமைத்தார்கள். சட்டப்படி வியாபாரிகளில் ஒருவர் வேணும், பெண்களில் ஒருவர் வேணும். என்னைப் பிடித்து இரண்டையும் ஒரே ஆளில் முடித்துவிட்டார்கள். நானும் சும்மா போகவில்லை. கரையில் பெரிய ஹோட்டல்கள் எழும்பினால் அவர்களுக்கு நாளாந்தம் மீனும் ஐஸும் வேணும், எங்கட ஊரில் ஐஸ் மெஷின் வைத்திருப்பது நான் ஒருத்தி. அந்தக் கணக்கோடுதான் போய் இருந்தேன். உன்ட அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பாத வருசத்திலிருந்து, கருவாட்டுக் கூடையோடு வெலிகந்தைக்கும் பொலன்னறுவைக்கும் ரெயில் ஏறினவள் நான், எந்தக் கதிரையிலும் காரணம் இல்லாமல் இருந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது, வாறன்.

போன வருசம் பங்குனியில் சபைக்கு ஒரு பட்டியல் வந்தது. சுனாமிக்குப் பிறகு கரையில் வீடு கட்டவிடாமல் வைத்திருந்த காணிகளை ஒழுங்குபடுத்தப் போகிறார்களாம், கரையில் ஆராருக்கு வளவு இருக்கிறது என்று சபைதான் உறுதிப்படுத்த வேணுமாம், அதை வைத்துத்தான் மேலே பத்திரம் கொடுப்பார்களாம். காணி உறுதிப் பத்திரங்களைத்தான் கடல் கொண்டுபோய்விட்டதே. நாற்பத்தொரு வளவு. பத்திரத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் நாற்பது ஆம்பிளைகளின் பெயரும் நானும். என்ட கருவாட்டு வாடி மட்டும் என்ட பெயரில், உன்ட அப்பாவுக்கு மரணப் பத்திரம் எடுத்திருந்தபடியால் தப்பினேன். உனக்கு இது தெரியாததில்லை மனே, எங்கட பக்கத்தில் வீடு வளவு எப்பவும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான், ஆம்பிளை கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போறவன். மட்டக்களப்புக்குப் பிறத்தியில் இருந்து வந்த ஒருத்தர் அந்தப் பட்டியலை எழுதியிருந்தால் அறியாமல் எழுதினான் என்று சொல்லலாம். கனகசிங்கம் ஐயா அவருடைய பெண்சாதியின் வீட்டில் இருந்துகொண்டுதான் அதை எழுதினார். காணாமல் போன ஒருத்தனுடைய பெயர்கூட அதில் இருந்தது. காணாமல் போனவனுக்கு வளவு கொடுத்தோம், அந்த வளவில் அவனைக் காத்துக்கொண்டு இருக்கிற பெண்சாதிக்குக் கொடுக்கவில்லை. நான் வாசிக்காமல் வைத்தேன் என்று நினைக்காதே. நாற்பத்தொன்றையும் விரல் வைத்து வாசித்தேன். இருபத்தேழாம் இலக்கத்தில், என்ட அக்காவின் மகள் கிருஷாந்தினியின் வளவுக்கு நேரே அவளுடைய புருசன் சதீஸ்குமாரின் பெயர் இருந்தது. கண்டேன். ஒரே பானையில் தின்கிறவர்கள், ஆருடைய பெயரில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் கூட்டம் முடிய ஹோட்டல் கம்பனிக்காரர் ஒருத்தர் ஐஸ் பற்றிக் கதைக்க வெளியில் காத்திருந்தார். நான் பெயரைப் பற்றி வாயைத் திறந்தால் பட்டியல் இன்னும் இரண்டு மாதம் இழுபடும். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். ஆறு கையெழுத்தில் என்னுடையது மூன்றாவது. ஏழாவது ஆள், ஓட்டமாவடி உசனார் ஹாஜியார், அன்றைக்கு மக்காவுக்கு உம்றாப் பயணம் போயிருந்தபடியால் தப்பினார்.

அந்த வளவு என்ன வளவு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மருமகளுக்குத் தெரியாது, ஆகையால் எழுதுகிறேன். என்ட தாய் என்ட அக்காவுக்குச் சீதனமாய்க் கொடுத்தது, அக்கா கிருஷாந்தினிக்குக் கொடுத்தது. கடல் வந்த அன்று அக்கா அங்கேதான் மீன் அரிந்துகொண்டு இருந்தா. கிருஷாந்தினி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ட கடைக்கு வந்திருந்தாள், மூத்த பொடியனைத் தாயிடம் விட்டிருந்தாள். அக்காவை மூன்றாம் நாள் எடுத்தோம். பொடியனை எடுக்கவேயில்லை. நீ டெலிபோனில் விக்கி விக்கி அழுதாய், முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் செலவெல்லாம் நீயே பார்த்தாய். அன்று அழுதது பொய் என்று நான் இப்பவும் சொல்லமாட்டேன். முகாமில் எல்லாரும் உள்ளுக்கு வீடு எடுத்துக்கொண்டு போக, அவள் மட்டும் திரும்பி வந்து அதே வளவில் நாலு மரக்கப்பு நட்டுத் தகரம் போட்டாள். கட்டக்கூடாது என்று வந்து சொன்னார்கள், கட்டவில்லை, கப்புத்தான் நட்டிருக்கிறன் என்றாள். ஏன்டி இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, மகன் எப்பவாவது வந்தால் வேறு விலாசம் தெரியாது என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இந்தத் தையில் நீ எடுத்த டெலிபோன் ஒன்று. வழக்கமாய் ஐந்து நிமிசத்தில் வைக்கிற நீ அன்றைக்கு அரை மணித்தியாலம் கதைத்தாய். பெரியம்மாவின் வளவுக் கிணறு இன்னும் நல்ல தண்ணியா, கடல் வந்து உப்பாகிவிட்டதா என்று கேட்டாய். இறைத்து இறைத்துத் தண்ணி சரிவந்துவிட்டது, ஊருக்கே அதுதான் குடிதண்ணி என்று சொன்னேன். வேலியிலிருந்து கடல் எத்தனை அடி என்று கேட்டாய், அதையும் சொன்னேன். மகனுக்குப் பெரியம்மாவின் நினைப்பு இன்னும் இருக்கிறதே என்று அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிருஷாந்தினிக்கும் போய்ச் சொன்னேன். அண்ணாவுக்கு எங்கட கிணறு ஞாபகம் இரிக்கா என்று அவள் சிரித்தாள். உன்ட வியாபாரத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். சரக்கைப் பற்றின விபரத்தை அதன் சொந்தக்காரியின் சின்னம்மாவிடமே கேட்டு வாங்கினாய், நான் கூவிக் கூவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்திரம் சதீஸ்குமாரின் பெயரில் வந்தது. அவன் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், பெண்சாதிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மாசி மாதம் உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் வளவை விற்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆளைக் காணவில்லை. மன்னார்ப் பக்கம் வேறு ஒருத்தியோடு இருக்கிறானாம், புது மோட்டார் சைக்கிளாம். சித்திரை வருசப்பிறப்பு முடிந்து நாலாம் நாள், ஒரு வக்கீலின் ஆளும் இரண்டு பொலிசும் வளவுக்கு வந்து வெளியில் போகச் சொன்னார்கள். கிருஷாந்தினியை உனக்குத் தெரியும். ஆமிக்காரன் வந்து படகைக் கேட்ட காலத்தில் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நின்றவள். அவள் என்ன செய்தாள் தெரியுமா. கொண்டுவந்த கடதாசிகளைக் கேட்டு வாங்கி ஒன்றொன்றாய்ப் பார்த்தாளாம். பட்டியல் வந்ததும் கையெழுத்துகளைப் பார்த்தாளாம். அதுக்கு மறுகா தகரத்தைத் தானே கழற்றினாளாம், கப்புகளைத் தானே பிடுங்கினாளாம், பொலிசுக்காரனே ஆறுதலாய்ச் செய்யுங்க அக்கா என்றானாம். பிள்ளை தர்சினியையும் கூட்டிக்கொண்டு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் சட்டிமுட்டிகளைப் போட்டுக்கொண்டு நேரே என்ட கடை வாசலுக்கு வந்தாள். கடையில் ஆட்கள் நிற்க, அந்தக் கடதாசியை என்ட மேசையில் விரித்தாள்.

"சின்னம்மா, இது உங்கட கையெழுத்துத்தானே. வேற ஆர்ட எண்டாலும் நான் அவனுகளோட அடிபட்டிருப்பன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் ஓம் என்றேன். ஆறு பேர் கையெழுத்து வைத்தோம், அவளைக் கிளப்பினது என்னுடையது ஒன்றுதான். சின்னம்மா வைத்திருக்கிறா என்றால் அதில் தனக்குத் தெரியாத நியாயம் ஏதோ இருக்கும் என்று எண்ணி எழும்பினவள் அவள். பொலிசுக்கும் வக்கீலுக்கும் பயந்து அல்ல. கொண்டுவந்த கடதாசிகளில் வாங்கினவன் பெயர் இல்லை, அன்றைக்கும் வளவை வாங்கினது கொழும்புக் கம்பனி என்றுதான் நான் நினைத்தேன். வைகாசிக் கூட்டத்தில்தான் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு அனுமதி கேட்டு ஒரு கடதாசிக் கோவை வந்தது. வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். கிருஷாந்தினியின் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு நீலப் பெட்டி போட்டிருந்தது. இது என்ன என்று உசனார் ஹாஜியார் கேட்க, நீச்சல் குளம் என்றார் கனகசிங்கம் ஐயா. கடலுக்கு முன்னால குளம் வெட்டுறானா, ஆர் இந்த விசரன் என்று ஹாஜியார் சிரித்துக்கொண்டு கோவையைத் திருப்பினார், பெயரை வாசித்தார், சிரிப்பை நிறுத்திவிட்டு அதை என் பக்கம் தள்ளினார். உன்ட பெயர், உன்ட அப்பாவின் பெயர், லண்டன் விலாசம். தலைவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. எங்கட தெய்வமணி அக்காவின் மகன்தானே, நமக்குள்ள பிரச்சினை இல்ல என்று தேத்தண்ணிக்குச் சொன்னார். என்ட கையெழுத்தை நம்பித்தான் நீ அந்த வளவில் கைவைத்தாய் என்பது அந்தத் தேத்தண்ணி வருகிற நேரத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்கு உனக்கு டெலிபோன் எடுத்தேன், நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் வாங்காட்டி வேறு ஒருத்தன் வாங்கியிருப்பான் என்றாய். மெய்தான். வேறு ஒருத்தன் வாங்கியிருந்தால் அவனைத் திட்டிப்போட்டு அவனுக்கே ஐஸும் விற்றிருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். அவளிடம் கடதாசி ஒன்றும் இல்லையே அம்மா என்றாய். அவளுடைய கடதாசி எங்கே போனது என்று உனக்குத் தெரியும். மறுகா ஒன்று சொன்னாய், அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கெஸ்ட் ஹவுஸ் கட்டினதும் தங்கச்சிக்கு அதிலேயே அறை கூட்டுகிற வேலை கொடுக்கிறேன், சாப்பாடும் இருக்கும் என்றாய். உன்னைப் பெற்ற வயிறு பற்றியெரிந்தது என்று எழுதினால் அது அலங்காரம். நான் நினைத்தது வேறு. இவன் இதை என்னிடம்தான் படித்தான் என்று நினைத்தேன். நொடித்துப்போன சம்மாட்டியின் தோணியை விலை குறைத்து வாங்கி அவனையே கூலிக்கு வைத்துக் கடலுக்கு அனுப்பினவள் நான், நீ பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்தாய்.

ஆனி முதல் கூட்டத்தில் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். கனகசிங்கம் ஐயா வாசித்துவிட்டு என்னைத் தனியே விறாந்தைக்குக் கூப்பிட்டார். உடல்நிலை காரணமாக என்று ஒரு வரி எழுதினால் போதும் அக்கா, முழங்கால் வருத்தம் இருக்குத்தானே, நல்லபடி பொன்னாடை போர்த்து அனுப்புறம் என்றார். நான் எழுதியிருந்தது இதுதான்: பட்டியலில் உள்ள காணிகள் பெண்களுக்கு உரியவை என்று தெரிந்துகொண்டே நான் பொய்யாகக் கையெழுத்து வைத்தேன், ஆகையால் விலகுகிறேன். இப்படி எழுதினால் மற்ற ஐந்து பேரும் பொய்யர் எண்டு வருமே என்றார். ஓம் ஐயா, வரும் என்றேன். நாங்க ஆலோசனைதானே சொல்லுறம், முடிவெடுக்கிறது மேல உள்ளவங்கள் என்றார். ஒன்றரை வருசமாய் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நானும்தான் ஒளிந்திருந்தேன், அதனால் அவரோடு மேற்கொண்டு வாதாடவில்லை. கடிதத்தைக் கூட்ட அறிக்கையில் சேர்க்கமாட்டேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உசனார் ஹாஜியார் எழும்பி, அந்தக் கடதாசி அறிக்கையில ஏறாட்டி நான் வெள்ளிக்கிழமை சந்தையில நிண்டு வாசிப்பன் தலைவர் என்றார். ஏறிற்று. வெளியில் வந்து அவர் என்னிடம் சொன்னது, "நீங்க எழும்பினாக் கதிரை காலியா இரிக்காது தெய்வமணி. நாளைக்கு ஹோட்டல்காரன்ட ஆள் ஒருத்தன் வந்து குந்துவான்." அதுவும் மெய், அப்படியே நடந்துவிட்டது. ஆனால் சபையில் இருந்துகொண்டு சபையின் பட்டியலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஏலாது என்று கிருஷாந்தினிக்காக நான் பிடித்த வக்கீல் சொன்னார். அதற்காகத்தான் எழும்பினேன். மனச்சாட்சி, மானம் என்று ஊரில் கதைக்கிறார்கள், நீயும் அப்படி நினைக்காதே. சாட்சிக் கூட்டில் ஏறவேணும், அதற்குக் கதிரையை விடவேணும், விட்டேன்.

சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தாயிற்று. கிருஷாந்தினியின் பெயரில் வழக்கும் போட்டாயிற்று. முதலாம் எதிராளி சதீஸ்குமார், இரண்டாம் எதிராளி நீ. தெரிந்துகொண்டு பொய்க் கையெழுத்து வைத்ததற்கு என்னையும் பிடிக்கலாம் என்று வக்கீல் எச்சரித்தார், பிடிக்கட்டும் என்றேன். அடுத்த நாளே ஹோட்டல்காரர் என்னிடம் ஐஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், மெஷினை அரை நாள்தான் ஓட்டுகிறேன். கிருஷாந்தினியும் பிள்ளையும் என்ட வீட்டில் உன்ட அறையில் இருக்கிறார்கள். உன்ட கட்டிலில் தர்சினி படுக்கிறாள். ஆனால் உனக்குச் சந்தோசமான செய்தி ஒன்று, கிருஷாந்தினி என்னை மன்னிக்கவில்லை. பின்வளவில் தனி அடுப்பு மூட்டிச் சமைக்கிறாள், என்ட கையால் தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை. நான் வழக்குக்கு அலைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், நன்றி என்று ஒரு சொல் இல்லை. நேற்றுச் சுறாப் புட்டு அவித்துக் கொண்டுபோய் வைத்தேன், பிள்ளைக்கு மட்டும் எடுத்தாள். அவள் செய்வது சரி. அவளுடைய இடத்தில் நான் என்றால் பிள்ளைக்கும் எடுத்திருக்கமாட்டேன்.

உன்ட வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இது குடும்ப வளவு என்றே என்ட கட்சிக்காரருக்குத் தெரியாது, தூர நாட்டில் இருப்பவர், பத்திரத்தை நம்பி வாங்கினார் என்பார். கோட்டும் நம்பும். அதற்குத்தான் நான் ஏறுகிறேன். தையில் நீ எடுத்த டெலிபோனை, நீ கேட்ட கிணற்றை, வேலியிலிருந்து கடலுக்கு எத்தனை அடி என்றதை ஒரு சொல் விடாமல் சொல்லப்போகிறேன். மகனுக்கு எதிராய்த் தாய் சொன்னால் நீதிபதி நம்புவார், எந்தத் தாயும் இதைக் கட்டிச் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். உரிமையை விட்டுக்கொடுத்து நீ இரண்டு வரி எழுதி அனுப்பினால் இதெல்லாம் தேவையில்லை. அதை எழுது என்று உன்னை நான் கேட்கவில்லை. நீ என்ட மகன், கேட்டால் விலை பேசுவாய், நானும் இரங்கி ஒரு இடத்தில் நின்றுவிடுவேன். நீ சதீஸ்குமாரிடம் கொடுத்த காசு போனதுதான், அதை என்னிடம் எதிர்பார்க்காதே.

தவணை ஆகஸ்ட் பதினெட்டாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. வருவதென்றால் மருமகளையும் கூட்டிக்கொண்டு வா, பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் நாலு வருசம். ஹோட்டலில் தங்காதே, ஊர் சிரிக்கும், வீட்டுக்கு வா. விறாந்தையில் பாய் போட்டுத் தருவேன், உனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைப்பேன். காலையில் ஒரே ஓட்டோவில் கோட்டுக்குப் போகலாம், போய் இறங்கினதும் நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம். கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தாதே, உன்ட அப்பாவின் பரம்பரைக்கு நெஞ்சு பலமில்லை. சின்னவளுக்கு வேப்பெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், நெஞ்சில் பூசு.

வைகாசிச் சடங்கில் கண்ணகையம்மனுக்கு முன்னால் நின்று, நீ குடும்பத்தோடு குறைவில்லாமல் நீடூழி வாழவேணும் என்று கேட்டேன். போடப்போகிற வழக்கில் நீ தோற்கவேணும் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒரே கும்பிடில்தான் கேட்டேன் மனே, இரண்டும் மனதாரத்தான்.

உன்னைப் பெற்றவள்,
தெய்வமணி
(முதலாம் சாட்சி)